தவறிய ரயிலும் தவறாமல் வரும் கேள்வியும்

ஐரோப்பாவில் படிக்கும் நம் மாணவர்கள் போடும் காணொளிகளில் ஒரு தனி வகை உண்டு: ரயிலைத் தவறவிட்ட கதை. தப்பான பெட்டியில் ஏறி வேறு ஊருக்குப் போனது, நள்ளிரவில் பெயர் தெரியாத நிலையத்தில் இறங்கியது, விடியும்வரை குளிரில் நடுங்கியது என்று எல்லாம் சிரிப்பும் பின்னணி இசையுமாக முடியும். நானும் அவற்றை ரசித்துப் பார்ப்பவன்தான். ஆனால் சில ஆண்டுகளாக ஜெர்மனியில் ஆய்வு மாணவனாக இருந்துகொண்டு பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. ரயில் யாருக்கும் தவறலாம். அதைச் சாகசக் கதையாகச் சொல்லும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இங்கே பயணம் குளறுபடியாவதற்குப் பயணியின் அறியாமைதான் காரணம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெர்லினிலிருந்து மேற்கே போகும் விரைவு ரயில்களில் பல, ஹாம் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு பாதி டார்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுசல்டார்ஃப் பக்கம் போகும். மறு பாதி வுப்பர்டால் வழியாகக் கொலோனுக்குப் போகும். பாதி மாறி உட்கார்ந்தவர் வேறு ஊரில்தான் கண் விழிப்பார். ஃபிராங்க்ஃபர்ட் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று மேற்கில் மைன் ஆற்றின் கரையில், இன்னொன்று போலந்து எல்லையில் ஓடர் ஆற்றின் கரையில். பெல்ஜியத்திலோ ஊருக்கே மொழிக்கொரு பெயர். பிரெஞ்சில் 'மோன்ஸ்' என்பதுதான் டச்சில் 'பெர்கன்'. 'லியெஜ்' என்று சீட்டு வாங்கியவர் அறிவிப்புப் பலகையில் 'லூயிக்' என்பதைத் தேட வேண்டும்.

இதோடு தாமதமும் சேர்கிறது. 2024இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் நேரத்துக்கு வந்து சேர்ந்தவை 62.5 விழுக்காடுதான். அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தை 'சரியான நேரம்' என்று கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு. தண்டவாளங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போதுமான முதலீடு செய்யாததன் விளைவு இது. 'ஜெர்மானிய நேர ஒழுங்கு' என்று ஊரில் நமக்குச் சொல்லித்தந்த கதையை ரயில் நிலையத்தின் அறிவிப்புப் பலகையே பொய்யாக்கிவிடுகிறது.

சரி, ரயில் தவறிவிட்டது. அடுத்து என்ன? ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் உரிமைச் சட்டம் 2023 ஜூன் முதல் புதிய வடிவில் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரம் தாண்டினால் 50 விழுக்காடும் இழப்பீடு. புயல் போன்ற அசாதாரணச் சூழலில் மட்டும் இந்த இழப்பீட்டுக்கு விலக்கு உண்டு. காத்திருக்கும் நேரத்தில் உணவு கிடைக்க வேண்டும். இரவு தங்க நேர்ந்தால் இயன்றவரை தங்குமிடமும் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அதன் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காசை மிச்சப்படுத்த ஒரு பயணத்தை மூன்று தனித்தனிச் சீட்டுகளாக வாங்குகிறோம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், அந்தத் தொடர்ச்சிக்குப் பெரும்பாலும் யாரும் பொறுப்பில்லை. முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டாக வாங்க வசதி உள்ளவருக்கே சட்டத்தின் முழுக் குடையும் விரிகிறது.

கணக்காகவே சொல்கிறேன். ஜெர்மனிக்கு மாணவர் விசா வாங்க, உதவித்தொகை இல்லாதவர்கள் ஆண்டுக்கு 11,904 யூரோவை 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் கணக்கில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அதிலிருந்து மாதத்துக்கு 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள். சலுகைக் கட்டணச் சீட்டு அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். அது தவறிப்போய், கடைசி நேரத்தில் விரைவு ரயிலுக்குப் புதுச் சீட்டு எடுத்தால் நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். வீட்டுக்கு ஒரு போன் போட்டால் பணம் வந்துவிடும் என்று இருப்பவருக்கு அது ஒரு கதை. நகையை அடகு வைத்துப் படிக்க அனுப்பிய வீட்டுப் பிள்ளைக்கு அது அந்த மாதத்துச் சாப்பாடு.

பணத்தை விடுங்கள். தோலின் நிறமும் கூடவே பயணம் செய்கிறது. 2010 டிசம்பரில் காசலிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ரயிலில் போன ஒரு கறுப்பின மாணவரைக் காவலர்கள் அடையாள அட்டை கேட்டு நிறுத்தினார்கள். அவர் ஜெர்மன் குடிமகன். காவலர் தோலின் நிறத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது கீழ்நீதிமன்றம். அவர் விடவில்லை. 2012 அக்டோபரில் கோப்ளென்ஸ் உயர் நிர்வாக நீதிமன்றம், அந்தச் சோதனை அரசமைப்புச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடைக்கு எதிரானது என்று தெளிவுபடுத்தியது. காவல்துறை மன்னிப்புக் கேட்டது. ஒரு மாணவரின் ரயில் பயணம் எல்லாருக்குமான உரிமையாக மாறிய கதை இது. ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. 'எல்லையற்ற ஐரோப்பா'வில் எந்த இருக்கையின் பக்கம் காவலரின் கண் முதலில் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் வெள்ளையரின் நிறவெறியைப் பற்றி. இதை எழுதினால் நம்மவர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். இனிச் சொல்லப்போவதற்குத்தான் அந்தக் கைதட்டல் நின்றுபோகும்.

ஒரு டிசம்பர் இரவில் ரயில் தாமதமாகி, கடைசி இணைப்பு ரயிலும் போன பிறகு ஒரு சிறிய சந்திப்பு நிலையத்தில் இறங்கினேன். அதே ரயிலில் வந்த தமிழ்த் தம்பி ஒருவர், "அண்ணா, இங்க பக்கத்துலதான் நம்ம பசங்க ரூம். வாங்க, காலைல போயிக்கலாம்" என்றார். மனம் குளிர்ந்தது. நடக்கத் தொடங்கினோம்.

"அண்ணா எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம்."

"எங்க சித்தி ஊரும் அங்கதான். அப்பா என்ன பண்றாரு?"

சொன்னேன்.

"ஊருல எந்தப் பக்கம்ணா?"

அதையும் சொன்னேன். தம்பி சற்று நேரம் பேசவில்லை. பிறகு போனை எடுத்துப் பார்த்தார். "சாரிண்ணா, ஹவுஸ் ஓனர் கெஸ்ட் விட மாட்டாங்களாம்." அந்த இரவு நிலையத்தின் பெஞ்சில் கழிந்தது.

அந்தத் தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாதவனை வீட்டுக்கு அழைத்த நல்ல மனம் அவருடையது. அந்த நல்ல மனமும் எந்தத் தெரு வரை போகலாம் என்பதைச் சாதி முன்பே அளந்து வைத்திருக்கிறது.

நம் வரலாற்றில் ஒரு ரயில் பயணக் குளறுபடி இதைவிடத் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1901இல் சிறுவன் பீமராவ் தன் அண்ணன் முதலானவர்களுடன் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கினார். கடிதம் உரிய நேரத்தில் அப்பாவிடம் போய்ச் சேராததால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. அக்கறையோடு விசாரித்த நிலைய அதிகாரி, பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் விலகினார். வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒப்புக்கொண்ட ஒருவரும், பிள்ளைகளையே வண்டியை ஓட்டச் சொல்லித் தாம் நடந்து வந்தார். குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்த இரவு கழிந்தது. கடிதம் சேராதது தற்செயல். தண்ணீர் கிடைக்காதது தற்செயல் இல்லை. அண்ணல் அம்பேத்கர் இதைப் பதிவு செய்த நூலின் பெயர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்பது எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு பொருளையும் தருகிறது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைவே மறைந்துபோனதாக அதே நூலில் அவர் சொல்கிறார். பரோடாவுக்குத் திரும்பியதும் அது மீண்டும் எதிரே வந்து நின்றது. அன்று அவர் பெரும்பாலும் தனியாகப் போனார். இன்று ஜெர்மனியில் மட்டும் இந்திய மாணவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் பெருங்கூட்டம். கூட்டமாகப் போகும்போது ஊறுகாய் பாட்டிலோடு சாதியும் பெட்டியில் ஏறிவிடுகிறது. அறை, பகுதிநேர வேலை, அவசரக் கடன், நள்ளிரவு அடைக்கலம் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே ஓடுகின்றன. அந்தக் குழுக்களுக்குள் நுழையச் சீட்டு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு கிளம்பவிருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள். ரயில் தாமதமானால் கூச்சப்படாமல் தகவல் மையத்துக்குப் போய் எழுத்தில் உறுதி வாங்குங்கள். போய்ச் சேர இருபது நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால் ஜெர்மனியில் சலுகைச் சீட்டின் கட்டுப்பாடு நீங்கிவிடும்; வேறு ரயிலில் போகலாம். இழப்பீட்டை விடாமல் கேளுங்கள். அது பிச்சை இல்லை, உங்கள் காசு.

ஏற்கெனவே இங்கே இருக்கும் தோழர்களுக்கு: பெரிய நிலையம் உள்ள ஊர்களிலாவது, ஓர் இரவு தங்க இடம் தரக்கூடியவர்களின் பட்டியலை நாமே உருவாக்குவோம். அதில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விகள். எத்தனை மணிக்கு வருவீர்கள்? சாப்பிட்டீர்களா?