தொட்டியைப் பார்

கொக்கியில் என் கார் தொங்குகிறது. அதை இழுத்துப்போக வந்த ரெக்கவரி வண்டி மேட்டில் ஏற முடியாமல் திணறுகிறது. பின்னால் ஒரு பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பேத்தமங்கலம் சாலையில் எனக்குக் கிடைத்த மரியாதை இது. என் காரைப் பற்றி இந்தப் பத்தியில் ஏற்கெனவே மூன்று முறை அழுதாயிற்று. இந்த வாரக் கோபம் ரெக்கவரி வண்டி மேல்.

ஆசிரியர் கேட்டிருந்தது வேறு. ஆகஸ்ட் 10 உலக உயிரி எரிபொருள் நாளாம், நாலு நல்ல வார்த்தை எழுத வேண்டுமாம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடிக் காட்டிய கதையோடு தொடங்கலாம் என்றிருந்தேன். அதற்குள் ரெக்கவரி வண்டி டிரைவர் தம்பி ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"எல்லாம் இந்த பயோடீசலால சார். ஓனரு இருபது பர்சென்ட் கலக்கச் சொன்னாரு. அன்னிலருந்து வண்டி இழுக்க மாட்டேங்குது. மூணு ஃபில்டர் மாத்தியாச்சு."

என் வாழ்த்துக் கட்டுரையும் வண்டியோடு அங்கேயே நின்றுவிட்டது.

மாத்தியாச்சு! இந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு என்ன ஆகும் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். ஃபேன் சுற்றவில்லையா, கண்டென்சரை மாத்து. வயிறு சரியில்லையா, டாக்டரை மாத்து. பையன் மார்க் வாங்கவில்லையா, டியூஷனை மாத்து. ஏன் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

நின்று நின்று ராபர்ட்சன்பேட்டை ஷெட்டுக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு பெரியவர். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஆட்களின் கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் பக்கம் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு மருமகனின் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கிறார். அவர் இன்ஜினைத் தொடவில்லை, கேள்வி கேட்டார்.

"புகை எப்டி வருது?"

"கருப்பா வர்ல நைனா."

"காலைல ஸ்டார்ட் ஆவுதா?"

"ஒரே செல்ஃபு."

"நிறுத்தி வெச்சு எடுத்தா?"

"கொஞ்ச தூரம் நல்லா இழுக்குது. அப்புறம் செத்துப்பூடுது."

பாதி வைத்தியம் இதிலேயே முடிந்துவிட்டது. கரும்புகை கக்கினால் டீசல் வருகிறது, காற்றுதான் போதவில்லை. ஏர் ஃபில்டரையும் டர்போ ஹோஸையும் பார்க்க வேண்டும். கரும்புகை இல்லாமல் இழுவை மட்டும் போனால் இன்ஜின் பட்டினி கிடக்கிறது. பெரியவர் ஒரு கேனில் அதே இருபது சதவீதக் கலப்பைப் புதிதாக ஊற்றி, வண்டியின் பக்கவாட்டில் கட்டினார். டேங்க் ஹோஸைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் குழாய் கொடுத்தார். ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்றினார். "அதே மேட்டுல ஏத்து" என்றார், என் காரைக் கொக்கியிலிருந்து இறக்காமலே. வண்டி முனகாமல் ஏறியது.

டேங்கைக் கழற்றினார்கள். அடியில் கருப்பட்டிப் பாகு போலக் கசடு. உறிஞ்சுகுழாயின் வலை அடைத்துக் கிடந்தது. டீசல் வருடக்கணக்காக டேங்கின் சுவரில் அப்பி வைத்ததையெல்லாம் பயோடீசல் கரைத்து இறக்கிவிடும். வண்டி ஓட ஓட அது வலையில் போய் ஒட்டும், நிறுத்தினால் மெல்லப் படியும். அதனால்தான் ஓய்வெடுத்ததும் கொஞ்ச தூரம் இழுத்திருக்கிறது. கலப்பில்லாத பயோடீசலிலேயே லிட்டருக்குச் சக்தி எட்டு சதவீதம் போலத்தான் குறையும். இருபது சதவீதக் கலப்பில் ஒன்றோ இரண்டோ. அதற்காக வண்டி மேட்டில் நிற்காது. வீட்டைப் பெருக்கிய புது மருமகளைப் பார்த்து, இவள் வந்த பிறகுதான் தூசி என்று மாமியார் சொன்ன கதை இது.

"இன்ஜின்ல சீக்குன்னா மொதல்ல தொட்டியப் பாக்கணும்" என்றார் பெரியவர். எனக்குச் சட்டென்று 1902 ஞாபகம் வந்தது. கொட்டாவி விடாதீர்கள். சிவனசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி அந்த ஆண்டுதான் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-ல். இதை எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எண்ணிக்கொண்டிருக்கும் தங்கவயலின் கோரமண்டல் பகுதி வாசகருக்கு வணக்கம்.

நான் இதுவரை எழுதாத பாதி ஒன்று இருக்கிறது. கோடையில் காவிரி மெலியும். அருவி மெலிந்தால் அங்கே டர்பைன் மெலியும், இங்கே சுரங்கத்துக்கு மின்சாரம் போதாது. நோய் சாம்பியன் ரீஃபில், காரணம் 150 கிலோமீட்டர் தள்ளி ஆற்றில். மோட்டாரை எத்தனை முறை மாத்தினாலும் பிரயோசனமில்லை. தொட்டியைப் பார்க்கலாம் என்றால் தொட்டியே இல்லை. 1911-ல் விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் காவிரிக்குக் குறுக்கே அணை கட்டத் தொடங்கியதற்குப் பாசனம் ஒரு காரணம். தங்கவயலுக்கு வருடம் முழுக்க மின்சாரம் என்பது இன்னொன்று. சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914-ல் நடுவர் தீர்ப்பு, அதன் மேல் அப்பீல், கடைசியில் 1924 ஒப்பந்தம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறோமே.

அந்த மின்சாரத்தில் சுற்றிய வைண்டர் யாரை இறக்கியது? வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைக்க வந்த தமிழர்களை. தஞ்சாவூரில் எந்த அணையைத் திட்டினார்களோ, அந்த அணையின் தண்ணீர்தான் இங்கே ஒரு தமிழனை ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்கு மேலேற்றி அனுப்பியது. காவிரி விவாதங்களில் அந்த அணையின் முழு மட்டம் 124.80 அடி என்று தசமத்தோடு ஒப்பிக்கிறவர்கள் இதை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கே.ஜி.எஃப் என்றால் அவர்களுக்கு சினிமா.

இதையெல்லாம் பெரியவரிடம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன். அவர் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அணை கிணையெல்லாம் எங்களுக்கு இன்னா தெரியும் சார்? கரண்டு போனா கூண்டு நடுவுல நிக்கும். கீழ பாத்தாலும் இருட்டு, மேல பாத்தாலும் இருட்டு. ஒருத்தனும் பேச மாட்டான்."

நானும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் உறைத்தது, காலையிலிருந்து என் காரை யாருமே பார்க்கவில்லை.

"பெட்ரோல் கீதா சார்?"

"பாதி டேங்க் காட்டுதே."

பெரியவர் பெட்ரோல் மூடியைத் திறந்து, காரை நாலு ஆட்டு ஆட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை. முள் பாதியில் மாட்டிக்கொண்டு எத்தனை நாளாயிற்றோ. இரண்டு லிட்டர் ஊற்றியதும் நாலாவது செல்ஃபில் கார் கிளம்பியது.

"மீட்டர மாத்திடலாம் சார்" என்றார் டிரைவர் தம்பி.

நான் வாயைத் திறக்கவில்லை.