ஆள் தரும் கம்பெனி யாரிடம் காசு வாங்குகிறது?

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. டேலி போட்டாகிவிட்டது. பிரிண்டரும் பில் அடிக்கிறது. அடுத்த கேள்வி, இதன் முன்னால் யார் உட்காருவது? போடிநாயக்கனூரில் ஏலக்காய், மிளகு, காபி வியாபாரம் செய்யும் சிறு முதலாளிகள் பலருக்கு இதுதான் தலைவலி. கணக்கு எழுத ஒருவர் வேண்டும். இ-மெயில் பார்த்துப் பதில் போட ஒருவர் வேண்டும். கிடங்கின் சரக்கு இருப்பைப் பதிவு செய்யவும் ஒருவர் வேண்டும். இன்டர்நெட்டில் தேடினால் மேன்பவர், கன்சல்டன்சி, ஸ்டாபிங் என்று வரிசையாகப் பெயர்கள் வந்து நிற்கின்றன. இதில் எதைத் தேர்ந்தெடுப்பது?

"சார்ஜ் எவ்வளவு?" என்றுதான் பெரும்பாலும் முதலில் கேட்கிறோம். என் கருத்தில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி இது: "வேலைக்கு வருகிறவரிடமும் பணம் வாங்குகிறீர்களா?" ஆம் என்று பதில் வந்தால், அந்தக் கம்பெனி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு வகை கம்பெனிகள்

ஆள் தரும் கம்பெனிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஆளைத் தேடித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சம்பளம் கொடுப்பது நீங்கள். அவர் உங்கள் ஊழியர். கம்பெனிக்கு ஒரு முறை கட்டணம் தந்தால் போதும். ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் கேட்பது இத்தொழிலில் சகஜம். இரண்டாவது வகையில், ஆள் உங்கள் கடையில் வேலை செய்வார். ஆனால் சம்பளப் பட்டியல் அந்தக் கம்பெனியிடம் இருக்கும். மாதாமாதம் உங்களுக்குப் பில் வரும். இதைத்தான் ஸ்டாபிங் என்கிறார்கள்.

எந்த வகையானாலும் சேவை பெறுவது முதலாளி. எனவே கட்டணமும் அவர்தான் தர வேண்டும். வேலை தேடுகிறவரிடம் ரிஜிஸ்ட்ரேஷன், டிரெயினிங், டெபாசிட் என்று வாங்கும் கம்பெனிக்கு, உங்களுக்குச் சரியான ஆள் கிடைப்பதில் அக்கறை இருக்காது. எத்தனை பேர் வந்து பணம் கட்டினார்கள் என்பதுதான் அதன் வருமானம். நீங்கள் எடுத்த ஆள் மூன்றே மாதத்தில் போய்விட்டால் அதற்கு நஷ்டமில்லை, லாபம். அந்த இடத்திற்கு இன்னொருவரிடம் பணம் வாங்கலாமே!

கங்காணி சொல்லும் பாடம்

மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணிகளின் கதை தெரிந்ததுதான். தோட்டத் துரையிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கங்காணி ஊருக்கு வருவார். அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். இலங்கையில் தொழிலாளியின் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தக் கடனை அடைக்கும் தோட்டத்திற்கு ஆளையே மாற்றிவிடும் "துண்டு" முறை இருந்தது. 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. ஆள் கொண்டுவந்தவர் இரு பக்கமும் சம்பாதித்தார். கடன் மட்டும் உழைத்தவர் தலையில் நின்றது.

இன்று துண்டுச் சீட்டு இல்லை. அதன் இடத்தில் ஒரிஜினல் சர்டிபிகேட் இருக்கிறது. இன்ஜினியரிங் முடித்த என் வயதுக்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. கன்சல்டன்சியில் பணம் கட்டி, டிகிரி சர்டிபிகேட்டையும் ஒப்படைத்துவிட்டு, வேலை பிடிக்காவிட்டாலும் விட முடியாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் பெரும்பாலும் வீட்டு நகையை அடகு வைத்து வந்தது. இப்படி வந்து சேருகிறவர் உங்கள் கணக்கை மனம் ஒன்றி எழுதுவாரா? யோசித்துப் பாருங்கள்.

இது என் தனிப்பட்ட கருத்து மட்டுமல்ல. தனியார் வேலைவாய்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக்கூடாது என்பதைப் பொது விதியாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் ஒரு உடன்படிக்கையில் எழுதியது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. எனவே இதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெருமளவு ஆள் எடுக்கும் நம்மிடம்தான் இருக்கிறது.

"சின்ன கன்சல்டன்சி எப்படிப் பிழைக்கும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் முதலாளி தர வேண்டிய கட்டணத்தை ஒழுங்காகத் தருவதே. நாம் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒரு வேலையில்லாப் பையனிடமிருந்து வசூலாகிறது.

மலிவான பில்லைக் கண்டு ஏமாறாதீர்கள்

ஸ்டாபிங் கம்பெனியின் பில் சரிதானா என்று எக்ஸெல்லில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சம்பளத்துக்கும் பி.எப். பிடித்தால், முதலாளி பங்கு நிர்வாகச் செலவு, காப்பீடு உட்பட 13 சதவீதம். அதாவது 1,950 ரூபாய். இ.எஸ்.ஐ. முதலாளி பங்கு 3.25 சதவீதம், 487.50 ரூபாய். கம்பெனியின் சேவைக் கட்டணம் 1,000 ரூபாய் என்றால் மொத்தம் 18,437.50 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறத்தாழ 21,756 ரூபாய் வரும். இதே ஆளை "எல்லாம் சேர்த்து 17,000-க்குத் தருகிறோம்" என்று ஒருவர் சொன்னால், அவர் எதையோ கட்டப்போவதில்லை என்று அர்த்தம்.

அது அவர் பாடு என்று விடவும் முடியாது. ஒப்பந்தக்காரர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய முதலாளியே தர வேண்டும் என்று 1970-ம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அதே கொள்கை தொடர்கிறது.

கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம்

கம்பெனியை விசாரிக்க மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அந்தத் துறையின் வெப்சைட்டில் கொடுத்தால், பதிவு யார் பெயரில், எப்போதிலிருந்து, இப்போதும் செல்லுபடியாகிறதா என்று தெரியும். பி.எப். அமைப்பின் வெப்சைட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதத்திற்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். "எங்களிடம் ஐநூறு பேர் இருக்கிறார்கள்" என்று சொல்லும் கம்பெனி பன்னிரண்டு பேருக்குத்தான் கட்டியிருக்கிறது என்றால், ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து, அவர்கள் அனுப்பும் ஆளிடமே தனியாகக் கேளுங்கள்: "பணம் கொடுத்தாயா? சர்டிபிகேட் யாரிடம் இருக்கிறது?" இந்த இரண்டு கேள்விகள் எந்த வெப்சைட்டும் சொல்லாததைச் சொல்லும்.

போடியில் ஏலக்காய் ஏலம் 2007-லேயே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. ஆனாலும் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நம் வியாபாரிகள் விலை கேட்பதில்லை. ஆள் எடுக்கும்போதும் அந்தப் பழக்கம் வேண்டும். பத்து பில்களைக் கொடுத்து டேலியில் ஏற்றச் சொல்லுங்கள். பயோடேட்டாவின் பத்து பக்கங்கள் சொல்லாததை அந்த ஒரு மணி நேரம் சொல்லிவிடும். அந்த நேரத்திற்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு ஆளுக்கு கம்பெனி எதற்கு?

கடைசியாக ஒன்று. ஆள் தரும் தொழிலில் நல்ல கம்பெனிகள் இல்லாமல் இல்லை. 1992-ல் சென்னையில் பாண்டியராஜன் தொடங்கிய மா ஃபாய் நிறுவனம் இத்தொழிலில் பெரிய பெயராக வளர்ந்தது. பின்னர் அது ராண்ட்ஸ்டாட் என்ற நெதர்லாந்து நிறுவனத்தின் கைக்குப் போனது. ஆனால் இத்தகைய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் ஆள் எடுப்பவர்களுக்கே அதிகம் பொருந்தும். ஒன்றிரண்டு பேர் போதும் என்கிற கடைக்கு, தமிழக அரசு 2020-ல் தொடங்கிய தனியார் துறை வேலை இணையம் இருக்கிறது. முதலாளிக்கும் கட்டணம் இல்லை, வேலை தேடுகிறவருக்கும் இல்லை. மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை வெப்சைட்டும் அப்படியே. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களிலும் கலந்துகொள்ளலாம்.

முதலில் இவற்றில் உங்கள் தேவையைப் பதிவு செய்யுங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் மட்டும் கம்பெனிக்குப் போன் போடுங்கள். போட்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி எது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.