சொல்லக் கூசும் மரு



போன மாதம் ஒரு மத்தியானம், எங்கள் தெருவுக்கு வாழ வந்த பெண் ஒருத்தி கண் கலங்க வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்த இடத்துல மரு மாதிரி நாலஞ்சு கிளம்பியிருக்கு. முந்திரிக் கொட்டை எண்ணெய் வெச்சா உதிர்ந்துடுமாம். வெக்கட்டுமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த எண்ணெய் தோலை என்ன பாடு படுத்தும் என்று. சுண்ணாம்பும் அப்படித்தான். மறுநாளே தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

இது ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவதாம். பெரும்பாலும் அதன் 6, 11 ஆம் வகைகள். இவை சாதாரணமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. உறவின்போது தோலோடு தோல் பட்டுத் தொற்றும். ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும். ஆகவே 'யாரால் வந்தது' என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை. கணவரும் டாக்டரிடம் காட்டிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

வைத்தியம் இரண்டு விதமாக நடந்தது. முதலில் திரவ நைட்ரஜனால் மருவை உறைய வைத்தார்கள். மைனஸ் 196 டிகிரி குளிர்! சுரீரென்று எரியும், கொப்புளம் வரும், பிறகு உதிரும். புண் ஆறியதும் இமிக்விமாட் களிம்பு. உறைய வைப்பது கண்ணுக்குத் தெரியும் மருவை நீக்கும். களிம்போ உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டி வைரஸோடு போராட வைக்கும்.

கவனிக்க வேண்டியவை:

● களிம்பை வாரம் மூன்று இரவு, மெல்லிசாக. காலையில் சோப்புப் போட்டுக் கழுவவும்.

● களிம்பு இருக்கும்போது தாம்பத்திய உறவு வேண்டாம்.

● சிவப்பது, அரிப்பது சகஜம். புண்ணானால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

● கால் ஆணிக்கு விற்கும் மருந்தை அங்கே தொடவே கூடாது.

● கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். களிம்பைத் தவிர்த்து, உறைய வைப்பதை மட்டும் செய்வார்கள்.

போன மரு திரும்பவும் தலைகாட்டலாம். மனம் தளர வேண்டாம். நம் பக்கத்தில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது.

பெண் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022-இல் அனுமதி பெற்ற நம் நாட்டுத் தடுப்பூசி 'செர்வாவாக்' 6, 11 வகைகளையும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான 16, 18 வகைகளையும் தடுக்கும். 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு ஊசி போதும்.

மூன்றாம் தடவை போய் வந்த அன்று அந்தப் பெண், "உங்ககிட்ட சொன்னதுதான்க்கா பாதி வைத்தியம்" என்றாள். வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளே வெந்து போகாதீர்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.