பாணன் போன பூப்பாதை

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலே பெர்த் என்று ஒரு நகரம் இருக்கிறதல்லவா? நமக்குப் புரட்டாசி மாதம் நடக்கும்போது அங்கே வசந்த காலம். காட்டுப் பூக்களைப் பார்ப்பதற்கென்றே அந்த நாட்களில் பஸ்கள் புறப்படுகின்றன. கடற்கரையில் தொடங்கி, உள்நாட்டுச் செம்மண் வெளி வரையில் ஒரு வழிகாட்டி கூடவே வருவார். இது இன்ன பூ, அது இன்ன பூ என்று சொல்லிக்கொண்டே போவார். பூவைப் பார்க்கலாம், படம் பிடிக்கலாம். ஆனால், காட்டுப் பூவை அனுமதி இல்லாமல் பறித்தால் அங்கே சட்டப்படி குற்றம்!

"கொடுத்து வைத்தவர்கள்!" என்று பெருமூச்சு விடாதீர்கள், சகோதரிகளே. இதே மாதிரி ஒரு பூ யாத்திரைக்கு வழி சொல்லும் நூல் சங்க காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அந்த வழியும் தூர தேசத்தில் இல்லை. மரக்காணத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில்தான் இருக்கிறது!

அந்த நூலின் பெயர் சிறுபாணாற்றுப்படை. பாடியவர் நல்லூர் நத்தத்தனார். மொத்தம் 269 அடிகள். 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது இதுவும் சேர்ந்து வெளிவந்தது. ஆற்றுப்படை என்றால் வழிகாட்டி அனுப்புவது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனைப் பார்த்து, "நல்லியக்கோடனிடம் போ. வழி இப்படி இப்படி" என்று சொல்கிறான். அந்த வழியில் முதலில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், அப்புறம் ஆமூர், முடிவில் கிடங்கில். எயிற்பட்டினம் என்பது இன்றைய மரக்காணம் என்றும், வேலூர் என்பது உப்புவேலூர் என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவார்கள். கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்டது.

வழி சொல்லுகிறவன் மைல் கல்லைச் சொல்லவில்லை, பூவைச் சொல்கிறான்! கடற்கரையில் தாழை அன்னத்தைப் போலப் பூத்திருக்குமாம். செருந்தியைப் பார்த்தால் பொன்னோ என்று மயங்க வேண்டுமாம். கழிமுள்ளி நீலமணியாம், புன்னை மொட்டு முத்தாம். நகைக்கடைக்குள் நுழைந்த மாதிரி இல்லையா? உள்ளே முல்லை நிலத்துக்கு வந்தால் அவரை பவழம் கோக்கிறது. காந்தள் கைவிரலைப் போல விரிகிறது. காயா பூத்தால் மயில் கூட்டமே வந்து நிற்பது போலிருக்கிறது.

மயில் என்றதும் உங்களுக்கு மயிலம் நினைவுக்கு வந்திருக்கும். சூரபதுமன் முருகனுக்கு மயில் வாகனமாக வேண்டித் தவம் செய்த மலை என்று தல புராணம் சொல்கிறது. பங்குனி உத்திரத் தேருக்கு வருகிற கூட்டத்தைக் கேட்க வேண்டாம்! ஆனால் மலையேறி, அர்ச்சனை செய்து, பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். அதே பங்குனியிலும் சித்திரையிலும்தான் இந்தச் சீமையில் காயா பூக்கிறது, செருந்தி பூக்கிறது. பார்த்தவர் எத்தனை பேர்?

பார்க்க ஆசைப்பட்டால் ஒரு நாள் போதும். விடியற்காலையில் மரக்காணத்தில் தொடங்குங்கள். உப்பளங்களைத் தாண்டினால் மணலில் அடும்புக் கொடி படர்ந்து ஊதாப் பூவாகச் சிரிக்கும். பக்கத்திலேயே கழுவேலி ஏரி. நன்னீரும் கடல் நீரும் கலக்கும் இந்தப் பெரிய நீர்நிலையை 2021-ல்தான் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அங்கிருந்து புதுச்சேரிச் சாலையில் போனால் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு வரும். காயாவை அங்கே பார்க்கலாம். கிளையோடு ஒட்டிக்கொண்டு, கொத்துக் கொத்தாக, மயில் கழுத்து நீலம்!

அந்தக் காட்டோரத்தில் ஆடு மேய்த்த ஒரு மூதாட்டியிடம், "இது என்ன மரம், ஆயா?" என்று கேட்டேன்.

"இதுவா? காசா மரம். சாமி காடு கண்ணு, குச்சிகூட ஒடிக்கக் கூடாது" என்றாள்.

காயா என்ற சங்கத் தமிழ்ப் பெயர் அவள் வாயில் காசாவாக உயிரோடு இருக்கிறது. பாடப் புத்தகத்தில் படித்த நமக்கு மரம் தெரியாது; புத்தகமே படிக்காத அவளுக்கு மரமும் தெரியும், அதன் மரியாதையும் தெரியும்!

இந்தக் கடலோரம் முழுவதும் ஒரு காலத்தில், கோடையிலும் இலை உதிராத குறுங்காடு பரவியிருந்தது. விறகுக்கும் வயலுக்கும் வீட்டு மனைக்குமாக அது சுருங்கிச் சுருங்கி, இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் ஒதுங்கியிருக்கிறது. ஐயனாரின் குதிரைக்குப் பயந்துதான் காயா பிழைத்தது என்றால் மிகையில்லை. 1968-ல் ஆரோவில் தோன்றியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல். அங்கே காடு வளர்த்தவர்கள் நாட்டு மரங்களின் விதைக்கு இப்படிப்பட்ட கோயில் காடுகளைத்தான் நாடினார்கள். விதை தர ஒரு காடாவது மிஞ்சியிருந்ததே!

காந்தளைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வேலி ஓரங்களையும் புதர்களையும் கவனியுங்கள். நுனியில் சிவப்பு, அடியில் மஞ்சள். தீபம் ஏற்றிய மாதிரி இருக்கும். கார்த்திகைப் பூ என்ற பெயர் பொருத்தம்தானே! அதுதான் நம் மாநில மலர். ஆனால் ஒரு எச்சரிக்கை: அதன் கிழங்கும் விதையும் கொடிய விஷம். குழந்தைகள் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செடியிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்பதால், காட்டுக் காந்தளைக் கிழங்கோடு தோண்டிவிடுகிற வழக்கமும் உண்டு. கிழங்கு போனால் அடுத்த கார்த்திகைக்குப் பூ ஏது?

பாணனுக்கு வழியெல்லாம் விருந்துதான். பட்டினத்தில் சுட்ட மீன் கிடைத்தது. வேலூரில் புளி சேர்த்த சோறு, ஆமூரில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைத்தன. இன்றைக்கு நீங்களே புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடலாம். கூடவே குழந்தைகளுக்கு ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பூவைப் படமாக வரையட்டும்; பக்கத்தில் பெயரை எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள். நமக்கு அவர்கள்தாம் வழிகாட்டிகள்.

தலையில் வைக்கப் பூ வேண்டுமானால் கடைத் தெருவிலே மல்லிகை முழம் முழமாகக் கிடைக்கிறது. தாராளமாக வாங்கிச் சூடிக்கொள்ளுங்கள். காயாவையும் செருந்தியையும் மட்டும் மரத்திலேயே விட்டுவிடுங்கள். பாணன் சொன்ன அடையாளம் அழிந்துவிட்டால், பின்னால் வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டாமா?