ஐந்து நாளுக்கும் ஏற்ற பந்துவீச்சு

டெஸ்ட் போட்டியில் வெல்ல விரும்பும் அணி, பெரும்பாலும் எதிரணியின் 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தியாக வேண்டும். ஆகவே பந்துவீச்சாளரைத் தேர்ந்தெடுப்போர், முதல் நாள் காலையை மட்டுமன்றி ஐந்து நாளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

2023 ஜூன் மாதம் இலண்டன் ஓவல் திடலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி நடைபெற்றது. வானில் மேகமும் ஆடுகளத்தில் புல்லும் இருந்தன. அவை வேகப்பந்துக்குத் துணைசெய்யும் எனக் கருதிய இந்திய அணி, நான்கு வேகப்பந்து வீச்சாளர்களைச் சேர்த்தது. சுழற்பந்துக்கு ஜடேஜா ஒருவரையே கொண்டது. தரவரிசையில் முதலிடத்தில் இருந்த சென்னை வீரர் அஸ்வினுக்கு இடம் கிடைக்கவில்லை.

அம்முடிவு காரணமற்றதன்று. ஆஸ்திரேலியா 76 ஓட்டங்களுக்குள் மூன்று விக்கெட்டுகளை இழந்தது. ஆனால் பந்து பழையதானதும் ஹெட்டும் ஸ்மித்தும் இணைந்து 285 ஓட்டங்கள் குவித்தனர். ஹெட் இடக்கை மட்டையாளர். ஜடேஜாவின் பந்து அத்தகையோரை நோக்கித் திரும்பும். அஸ்வினின் பந்தோ அவர்களை விட்டு விலகித் திரும்பும். விலகும் பந்தை ஆடுதல் அரிது. அதே ஆடுகளத்தில், அஸ்வினைப் போன்றே பந்துவீசும் ஆஸ்திரேலியாவின் லயன், இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது.

அஸ்வின் ஆடியிருந்தால் இந்தியா வென்றிருக்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. எனினும் ஒன்று தெளிவு. வானிலை மாறும், ஆடுகளமும் மாறும். அம்மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க, ஒரே வகை வீச்சாளர் நால்வரினும் பல்வகை வீச்சாளர் நால்வரே சிறந்தவர்.