மரணமும் மங்களமும்

2019-ம் வருஷம் மே மாதத்தில் பத்து லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் ஒரு மகஜரில் கையெழுத்திட்டார்கள். அம்மகஜர் எந்தச் சர்க்காருக்கும் விடுக்கப்பட்டதன்று. வரியைக் குறைக்கும்படியோ, சிறைப்பட்டவர்களை விடுதலை செய்யும்படியோ அதில் கேட்கப்படவில்லை. அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. என்னும் டெலிவிஷன் ஸ்தாபனம் 2011 முதல் காட்டிவந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற மாயாஜாலக் கதையின் எட்டாவதும் கடைசியுமான பாகத்தை, திறமையுள்ள எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்கவேண்டும் என்பதே கோரிக்கை. அது நிறைவேறவில்லை, நிறைவேறியிருக்கவும் கூடாது. ஆனால் கையெழுத்திட்டவர்களைப் பார்த்து நகைத்தவர்கள் செய்தது சரியென்று சொல்ல நாம் தயாராயில்லை.

கதை பார்க்கும் ஜனங்கள் இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். மந்திரவாதிகளும் தீக்கக்கும் டிராகன்களும் உலாவும் கற்பனை ராஜ்யத்தில்கூட நல்லவன் தலை வெட்டுண்டு விழவேண்டுமா, அதற்கு நாம் வாழும் உலகம் போதாதா என்று கேட்பது ஒரு கட்சி. முடிவில் எல்லோரும் சுகமாயிருப்பார்கள் என்று முன்னதாகவே தெரிந்துவிட்டால் நடுவில் வரும் ஆபத்தெல்லாம் வெறும் பொம்மலாட்டமாகிவிடும், ஆகையால் யாரும் எச்சமயத்திலும் சாகலாம் என்ற பயம் இருந்தே தீரவேண்டும் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்பது நமது அபிப்பிராயம். கதையில் ஒருவன் இறந்தானா, பிழைத்தானா என்பதைவிட, அவன் இறந்த பிறகு கதாசிரியர் என்ன செய்தார் என்பதே முக்கியம். ஒரு மரணம் நேர்ந்தால் அதற்குப் பதில் சொல்லவேண்டிய கடன் ஒன்று பிறக்கிறது. இருப்பவர்கள் அழவேண்டும், ஆட்சி தடுமாறவேண்டும், கொன்றவனுக்கும் உறக்கம் கெடவேண்டும். அந்தக் கடனைத் தீர்க்கும் ஆசிரியர் யாரை வேண்டுமானாலும் கொல்லட்டும். தீர்க்க மனமில்லாதவர் ஒரு குதிரைக்காரனைக்கூடக் கொல்லாதிருப்பது நலம்.

இந்த வழக்கு டெலிவிஷனோடு தோன்றியதன்று. ஷேக்ஸ்பியரின் 'லியர் அரசன்' நாடகத்தில் நிரபராதியான கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்பட்டு மாள்கிறாள். அவள் உடலை ஏந்திக்கொண்டு வந்து கிழத் தகப்பனும் உயிர்விடுகிறான். இங்கிலீஷ் ஜனங்களுக்கு இது பொறுக்கவில்லை. 1681-ல் நாஹும் டேட் என்பவர் அந்நாடகத்தைத் திருத்தி எழுதினார். அவர் கதையில் கார்டீலியா பிழைக்கிறாள். எட்கார் என்னும் வாலிபனை மணக்கிறாள். லியருக்கு ராஜ்யம் திரும்புகிறது. அரசனிடம் கசப்பான உண்மைகளைச் சொல்லிவந்த விதூஷகன் அடியோடு நீக்கப்பட்டான். சுமார் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்தின் நாடக மேடைகளை ஆண்டது இந்தத் திருத்தப் பதிப்பே. டாக்டர் ஜான்ஸன் சாமானியரல்லர். கார்டீலியாவின் மரணம் தம்மை அவ்வளவு கலக்கிவிட்டபடியால், பதிப்பாசிரியர் என்ற கடமை வந்து சேரும் வரையில் அக்கடைசிக் காட்சிகளைத் தாம் மறுபடி படித்ததுண்டோ என்பதே சந்தேகம் என்று அவரே 1765-ல் எழுதினார். பிறகு 1823-ல் எட்மண்ட் கீன் என்ற நடிகர் துக்க முடிவை மீட்டார். 1838-ல் மக்ரெடி என்பவர் விதூஷகனையும் மேடைக்குத் திருப்பி அழைத்து வந்தார்.

டேட்டை ஏளனம் செய்வது எளிது. அவர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு என்பதைப் பலர் அறியார். ஷேக்ஸ்பியருக்கு முன்பே நடிக்கப்பட்டு 1605-ல் அச்சான பழைய லியர் நாடகத்தில், அரசன் இழந்த ராஜ்யத்தைப் பெறுகிறான், மகளும் உயிரோடிருக்கிறாள். கொலையைக் கொண்டுவந்து புகுத்தியவர் ஷேக்ஸ்பியரே! ஆனால் புகுத்திவிட்டு அவர் ஓடிவிடவில்லை. இறகொன்றை மகளின் உதட்டருகே பிடித்து, அது அசைகிறதா, மூச்சு வருகிறதா என்று பார்க்கும் தகப்பனை நம் கண்முன் நிறுத்தி, அந்த வேதனையில் ஒரு துளியையும் மறைக்காமல் காட்டினார். கடன் தீர்ந்தது.

இனி டெலிவிஷன் கதைக்கு வருவோம். அதன் மூலகர்த்தா ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்னும் அமெரிக்க நாவலாசிரியர். முதல் நாவல் 1996-ல் வெளிவந்தது. 2011-ல் அது டெலிவிஷனில் நடந்தபோது, நெட் ஸ்டார்க் என்னும் பிரபுவே கதாநாயகர் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். விளம்பரப் படங்களில் சிம்மாசனத்தில் வீற்றிருந்தவர் அவரே. அவர் அரசனுக்குப் பிரதம மந்திரி, சத்தியசந்தர். விரோதியான ராணியிடமே சென்று, உன் ரகசியம் எனக்குத் தெரிந்துவிட்டது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடு என்று முன்கூட்டி எச்சரிக்கும் அளவுக்குத் தர்மிஷ்டர். பத்து அத்தியாயங்களில் ஒன்பதாவதில், பெண்ணின் உயிரைக் காப்பாற்றுவதற்காகத் தம்மை ராஜத்துரோகி என்று ஜனங்களின் முன்னிலையில் தாமே பழித்துக்கொண்ட பிறகும், கோயில் வாசலில் அவர் சிரம் துண்டிக்கப்படுகிறது. அரசியலில் பழகிய நேயர்கள் இம்மரணத்தின் நியாயத்தை உடனே உணர்வார்கள். சூதாட்ட மண்டபத்தில் புகுந்தவர், எதிரியின் காய்களையும் தாமே பார்த்துக் கொடுத்தார். அவருடைய குணமே அவரைக் கொன்றது. அதன் பின் என்ன நேர்ந்தது? மகன் போரைத் தொடர்ந்தான். ஐந்து பேர் அரசுரிமை கோரினார்கள். பெண்கள் இருவரும் திசைக்கொருவராகச் சிதறினார்கள். எட்டு பாகங்களும் அந்த ஒரு வெட்டின் எதிரொலி என்றே சொல்லலாம்.

2013-ல் காட்டப்பட்ட கலியாணப் படுகொலையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நெட்டின் மகன் ராப், படையோடு ஆற்றைக் கடப்பதற்காக, வால்டர் ஃப்ரே என்ற கிழப் பிரபுவின் பெண்ணை மணப்பதாக வாக்களித்தான். பிறகு காதல் வயப்பட்டு வேறொருத்தியை மணந்தான். வாக்குத் தவறியதை மன்னித்ததாகச் சொல்லி ரொட்டியும் உப்பும் தந்து விருந்தினராக ஏற்ற அதே மண்டபத்தில், ராபும், கர்ப்பவதியான மனைவியும், தாயும் வெட்டுண்டு வீழ்ந்தார்கள். பார்த்தவர்கள் அலறித் துடித்ததை அவர்களுடைய சிநேகிதர்களே ஒளிந்திருந்து படம் பிடித்து உலகத்துக்குக் காட்டினார்கள். இதில் ஆசிரியரைக் குறை கூற இடமில்லை. உப்பிட்டுக் கொன்ற ஃப்ரே வம்சத்தின் பெயர் அந்நாடு முழுவதும் சாபச் சொல்லாயிற்று. 2016-ல் ஸ்டார்க்கின் இளைய பெண் வந்து அக்கணக்கை அதே மண்டபத்தில் தீர்த்தாள்.

பிழை அதன் பின்னரே புகுந்தது. யாரும் சாகலாம் என்பது கதையின் குணமாயிருந்தது போய், வியாபாரக் குறியாகிவிட்டது. அடுத்தது யார் என்று ஜனங்கள் பந்தயம் கட்டினார்கள். 2015-ல் ஜான் ஸ்நோ என்னும் வீரன் தன் ஆட்களாலேயே குத்துண்டு இறந்தான். அவன் மெய்யாகவே இறந்துவிட்டான் என்று நடிகரே ஒரு வருஷ காலம் சாதித்துவந்தார். 2016-ல் மந்திரக்காரி ஒருத்தி அவனை எழுப்பிவிட்டாள்; அவனும் தூங்கி விழித்தவனைப் போல எழுந்து பழைய வேலையைப் பார்க்கப் போனான். டால்கியன் கதையில் கண்டால்ஃப் என்ற மந்திரவாதி மாண்டவர் மாண்டவராகவே இருந்திருக்கவேண்டும் என்று சொன்னவர் இதே மார்ட்டின்தான். மாண்டு மீள்பவன் எதையாவது இழந்தே மீளவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் நாவல்களோ 2011-ல் வந்த ஐந்தாவதோடு நின்றிருந்தன. டெலிவிஷன் கதை அவற்றைத் தாண்டி ஓடிற்று. மூலகர்த்தா ஓரிடத்தில் நிற்க, பெனியாஃப், வைஸ் என்னும் தயாரிப்பாளர் இருவரும் ரதத்தை ஓட்டினார்கள்.

யாரைக் கொல்வது கதாசிரியருக்கு எளிதாக இருக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். இதைப் பற்றிப் பேச நம்மவரில் பலர் கூசுவார்கள்; கூசுவதற்கு நியாயமில்லை. 2002-ல் 'பஃபி' என்ற பேய்வேட்டைக் கதையில் டாரா என்பவள், வேறொருத்தியைக் குறிவைத்த துப்பாக்கிக் குண்டு தவறி வந்து பாய்ந்து மாண்டாள். 2016-ல் 'தி ஹண்ட்ரட்' என்ற வருங்காலக் கற்பனையில் லெக்ஸா என்ற தலைவி அதே மாதிரி, பிறருக்கு வைத்த குண்டில் மாண்டாள். இருவரும் பெண்ணையே காதலித்த பெண்கள். இருவரும் காதலியோடு சேர்ந்த மகிழ்ச்சி தீருமுன்னே இறந்தார்கள். தங்களைப் போன்றவர்களைக் கதையில் காண்பதே அரிது, கண்டாலும் பிணமாகவே காணவேண்டுமா என்று இளைஞர்கள் பலர் பொங்கியெழுந்தார்கள். வசை பாடியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. இத்தகைய வாலிபர்களைத் தற்கொலையினின்று காக்கும் 'ட்ரெவர் பிராஜெக்ட்' என்ற தர்ம ஸ்தாபனத்துக்கு ஒரு லக்ஷம் டாலருக்கு மேல் நிதி திரட்டிக் கொடுத்தார்கள். தயாரிப்பாளர் அவ்வருஷம் மார்ச்சு மாதத்திலேயே பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையிலும் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற மிஸ்ஸாண்டே, கடைசியில் மறுபடி விலங்கு பூட்டப்பட்டுத் தலை வெட்டப்பட்டாள். அக்கதையில் சொல்லத்தக்க இடம் பெற்றிருந்த கறுப்புப் பெண் அவள் ஒருத்தியே. அவள் சாவின் உபயோகம், எஜமானிக்குக் கோபம் மூட்டியது ஒன்றுதான்.

ஆகையால் மங்களமாக முடிப்பதே உத்தமம் என்று நாம் சொல்லவில்லை. மங்களத்துக்கும் விலை உண்டு. வால்மீகி ராமாயணத்தின் உத்தரகாண்டத்தில் சீதை பூமிக்குள் மறைகிறாள். பவபூதி தமது 'உத்தரராம சரித'த்தில் அவளை ராமனோடு சேர்த்துவைத்தார். சேர்ப்பதற்கு முன் ராமனை எத்தனை அழவிட்டார் என்பது அந்நாடகத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். டால்கியனும் அப்படியே. அவர் 1916-ல் ஸோம் யுத்தகளத்தில் இருந்தவர். 1918-க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர மற்றவர்களையெல்லாம் பறிகொடுத்தவர். 1939-ல் ஸ்காட்லாந்தில் செய்த பிரசங்கத்தில், எதிர்பாராத நல்ல திருப்பமே மாயக்கதையின் உயிர் என்றார். துக்கமும் தோல்வியும் நேரக்கூடும் என்பதை அது மறுப்பதில்லை என்றும் சொன்னார். 1954, 1955-ம் வருஷங்களில் வெளிவந்த அவருடைய பெருங்கதையில் தீமை அழிகிறது, ஊர் பிழைக்கிறது. ஊரைக் காத்த ஃப்ரோடோ மட்டும், விரலையும் மன நிம்மதியையும் இழந்து, அவ்வூரில் வாழ முடியாமல் கப்பலேறுகிறான். தேசத்துக்கு உழைத்துச் சிறையினின்று வெளிவந்தவர்களை அறிந்த வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கடைசியாக டெனேரிஸ் என்னும் ராணியின் விஷயம். அடிமைகளின் விலங்கை உடைத்தவள் என்று அவளைக் கொண்டாடி, அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான பெற்றோர் தங்கள் பெண் குழந்தைகளுக்கு அவள் பட்டப் பெயரையே சூட்டினார்கள். கற்பனைக் கதையில் அரசியல் ஏது என்பவர்கள், ஸ்பெயின் தேசத்து இடதுசாரித் தலைவர் பாப்லோ இக்லேஸியாஸ் 2015-ல் ஐரோப்பியப் பார்லிமெண்டில் தம் நாட்டரசரைச் சந்தித்தபோது இக்கதைப் படங்களையே பரிசாக அளித்தார் என்பதை நினைவுகூர வேண்டும். அந்த டெனேரிஸ், சரணாகதி மணி ஒலித்த பிறகும், டிராகன் மீதேறித் தலைநகரைக் கொளுத்துகிறாள். அடுத்த அத்தியாயத்தில் காதலனான ஜான் ஸ்நோவே அவளைக் குத்திக் கொல்கிறான்.

விடுதலை தர வந்தவர் கொடுங்கோலராக மாறுவதுண்டு. சரித்திரத்தில் அதற்குச் சான்றுகள் ஏராளம்; இதைவிடத் தக்க கதைப்பொருள் கிடைப்பது அரிது. விதையும் முன்பே தூவப்பட்டிருந்தது. 163 குழந்தைகளைச் சிலுவையில் அறைந்த எஜமானர்களைப் பழிவாங்க, அவள் 163 பேரை விசாரணையின்றிச் சிலுவையில் ஏற்றியபோது கைதட்டியவர்கள் நாமேயல்லவா? ஆனால் பயிர் வளர நாள் வேண்டும். வழக்கமாகப் பத்து அத்தியாயங்கள் கொண்ட பாகம் கடைசியில் ஆறாகக் குறுகிற்று. ஸ்தாபனம் இன்னும் அதிகம் எடுக்கத் தயாராயிருந்தும், தயாரிப்பாளர்கள் போதுமென்று முடித்துக்கொண்டார்கள். பத்து லக்ஷம் பேரின் மனத்தாங்கலில் பெரும்பகுதி ராணி செத்ததற்காக அன்று. அவள் மாறியதை அவர்கள் கண்ணால் காணவில்லை என்பதற்காகவே.

நம் மனத்தாங்கலோ வேறு. நகரம் எரிந்தபோது, ஒரு தாயும் சிறு பெண்ணும் கட்டித் தழுவியபடி கரிக்கட்டைகளாகக் கிடப்பதையும், குழந்தையின் கையில் மரக்குதிரை இருப்பதையும் படத்தில் காட்டினார்கள். சில வாரங்கள் சென்றபின் பிரபுக்கள் கூடுகிறார்கள். ஸாம்வெல் என்ற எளியவன் எழுந்து, அரசனைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை எல்லா ஜனங்களுக்கும் தரலாமே என்கிறான். நாய்க்கும் குதிரைக்கும்கூட வோட்டுக் கொடுக்கலாமே என்று பிரபுக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். தாங்களே ஓர் அரசனைத் தேர்ந்துகொள்கிறார்கள். வடநாடு மட்டும் சுதந்திரம் பெற்றுப் பிரிந்து செல்கிறது. பிறகு புதிய மந்திரி சபை கூடி, முதலில் கப்பல்களைக் கட்டுவதா, தாசி விடுதிகளைக் கட்டுவதா என்று விகடமாக விவாதிக்கிறது. எரிந்த நகரத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்திகூட அந்த மண்டபத்துக்குள் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை.