60 கிலோமீட்டர்... 17 நிமிடம்... ஒரே ரவுண்டு!

காரைக்காலிலிருந்து சிதம்பரம் சுமார் 60 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் தரங்கம்பாடி, சீர்காழி என்று நின்று நின்று போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கூட்டம் இருந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஏறக்குறைய அதே தூரத்தை ஒருவர் பைக்கில் 16 நிமிடம் 36 விநாடியில் கடந்திருக்கிறார். அதுவும் ஆறு வழிச் சாலையில் அல்ல. வீடுகள் நெருங்கி நிற்கும் தெரு, கல் பாலம், மலைப்பாதை எல்லாம் கலந்த சாதாரண ரோட்டில்!

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் ஐல் ஆஃப் மேன் என்ற குட்டித் தீவில்தான் இந்தச் சாதனை. ஒரு ரவுண்டு 60.7 கிலோமீட்டர். அதற்குள் 200-க்கும் மேற்பட்ட வளைவுகள். 2023-ல் பீட்டர் ஹிக்மேன் என்ற வீரர் இதைச் சுற்றிவந்த சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டர். உச்ச வேகம் அல்ல, சராசரி!

எல்லை தாண்டினால் சட்டம் வேறு

இந்தப் போட்டி ஏன் அந்தத் தீவுக்குப் போனது என்பது காரைக்கால்காரர்களுக்கு எளிதில் புரியும். வாஞ்சூரைத் தாண்டி நாகூர் பக்கம் போனால் பி.ஒய். 02 நம்பர் பிளேட் குறைந்து டி.என். 51 அதிகமாகும். பெட்ரோல் விலை மாறும். மண் ஒன்றுதான், நிர்வாகம் வேறு.

அங்கேயும் அதே கதைதான். 1900-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வண்டிகளுக்கு வேக வரம்பு மணிக்கு 32 கிலோமீட்டர். பொதுச் சாலையில் பந்தயம் நடத்த வழியே இல்லை. ஐல் ஆஃப் மேன் பிரிட்டிஷ் மன்னருக்குக் கட்டுப்பட்டது என்றாலும் அதற்குத் தனி நாடாளுமன்றம் உண்டு. ‘பந்தய நேரத்தில் சாலையை மூடிக்கொள்ளலாம்’ என்று அந்த நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 1907-ல் ‘டூரிஸ்ட் டிராஃபி’, சுருக்கமாக டி.டி., பைக் பந்தயம் தொடங்கியது. 1911-ல் இப்போதைய மலைச்சுற்றுக்கு மாறியது.

பந்தயம் முடிந்ததும் ரோட்டைத் திறந்துவிடுவார்கள். காலையில் மளிகை வாங்கப் போன அதே தெருவில் மாலையில் பைக்குகள் பறக்கும்.

ஹெல்மெட்டுக்குள் என்ன நடக்கிறது?

டக்ளஸ் நகரில் பத்து விநாடிக்கு ஒருவராகக் கிளம்புகிறார்கள். பக்கத்தில் போட்டிக்காரர் இல்லை. நேரத்தோடுதான் போட்டி. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிரே ஹில் என்ற இறக்கம். இரண்டு பக்கமும் வீடுகள். அங்கே வேகம் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் போகும். பள்ளத்தில் வண்டி அமுங்கி எழும்போது வீரரின் நெஞ்சு பெட்ரோல் டேங்கில் இடிக்கும்.

பல்லா பாலத்தில் நிலைமை வேறு. முதுகு வளைந்த அந்தச் சின்னப் பாலத்தில் இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். வேகத்தைக் குறைக்காமல் போனால் எங்கே இறங்குவோம் என்று சொல்ல முடியாது. பிறகு ராம்சே ஊரின் கொண்டை ஊசி வளைவு. அங்கிருந்து கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு மலையேற்றம். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே பனிமூட்டம் இறங்கிவிடும். சில நாட்களில் பந்தயத்தையே தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

இத்தனை வளைவையும் மனப்பாடம் செய்யாமல் யாரும் இங்கே வேகம் எடுப்பதில்லை. சாதாரண நாட்களில் காரில் சுற்றிப் பார்க்கிறார்கள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். முதல் முறை வருபவர்களை, அனுபவசாலிகள் முன்னால் போய், குறைந்த வேகத்தில் சுற்றிக் காட்டுகிறார்கள்.

பிரேக்கில்தான் இருக்கிறது சூட்சுமம்

நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை முறுக்க யாராலும் முடியும். பந்தய வீரரின் திறமை தெரிவது வளைவில். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைக்க வேண்டும். சாலையின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளி ஓரத்துக்கு வர வேண்டும். அப்படிப் போனால் வளைவின் கடுமை குறையும். வளைவு முடியும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் ஆக்சிலரேட்டர். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். எதிரே உள்ள கல் சுவரைப் பார்த்தால் கல் சுவருக்குத்தான் போய்ச் சேரும்.

இவ்வளவு கவனம் இருந்தும் ஐல் ஆஃப் மேன் மன்னிப்பதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றில் அந்தச் சுற்றில் 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே பத்து முறை ஜெயித்த இத்தாலிய வீரர் ஜியாகோமோ அகோஸ்தினி, 1972-ல் நண்பர் ஜில்பெர்டோ பார்லோட்டி மழையில் விழுந்து இறந்ததும், ‘இனி இங்கே ஓட்ட மாட்டேன்’ என்று ஒதுங்கினார். வேறு பல வீரர்களும் அவர் வழியில் போனார்கள். 1976-க்குப் பிறகு அந்தப் பந்தயம் உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலேயே இல்லை. உலகின் மிக வேகமான மனிதர்களில் ஒருவர் ‘போதும்’ என்று சொன்னதை யாரும் கோழைத்தனம் என்று நினைக்கவில்லை.

சோழவரமும் இருங்காட்டுக்கோட்டையும்

நம் ஊரிலும் இந்த ஆசைக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தது. பல ஆண்டுகள் அதில்தான் பந்தயம். 1990 வாக்கில் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. அங்கே ஒரு ரவுண்டு 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். தப்பான வளைவு இரண்டே நிமிடத்தில் மறுபடி வரும், திருத்திக்கொள்ளலாம். எதிரே வண்டி வராது. ஆபத்து என்றால் மஞ்சள் கொடி, நிறுத்து என்றால் சிவப்புக் கொடி. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

அப்படிப்பட்ட இடத்திலேயே 2023 ஆகஸ்டில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அந்த வாரத்தின் மீதிப் போட்டிகள் ரத்து செய்யப்பட்டன. எல்லாப் பாதுகாப்பும் உள்ள இடத்தில் நடந்தது அது.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் என்ன இருக்கிறது? பூவத்திலிருந்து வாஞ்சூர் வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பெரும்பாலும் மேடு பள்ளம் இல்லாத டெல்டா ரோடு. பார்த்தால் ‘வா, முறுக்கு’ என்றுதான் கூப்பிடும். ஆனால் அறுவடைக் காலத்தில் அதே ரோட்டில் நெல் காயும், வைக்கோல் சிதறிக் கிடக்கும். நெல்மணி மீது சக்கரம் ஏறுவதும் கோலிக்குண்டு மீது ஏறுவதும் ஒன்றுதான். காற்றடித்தால் மணல் வந்து படியும். இரவில் மாடு படுத்திருக்கும். வேளாங்கண்ணித் திருவிழா வந்தால் காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாக நடந்து போவார்கள். நாகூர் கந்தூரிக்கும் அப்படித்தான். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு வண்டிகள்.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது குறுக்கே மாடு வந்தால், பார்த்துச் சுதாரிக்க ஒரு விநாடி. அதற்குள் 17 மீட்டர் போயிருக்கும். காய்ந்த ரோட்டில் நல்ல பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 20 மீட்டர். 120-ல் போனால் அந்த ஒரு விநாடிக்கு 33 மீட்டர், நிற்க 80 மீட்டர். மொத்தம் 113 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு, நிற்கும் தூரம் மூன்று மடங்கு. பைக்கின் ஹெட்லைட் வெளிச்சத்தில் 113 மீட்டர் தள்ளி உள்ள கறுப்பு மாடு தெரியுமா?

ஐல் ஆஃப் மேன் வீரருக்கு அடுத்த வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும். தெரிந்தும் அத்தனை பேர் போனார்கள். நிரவி வளைவுக்குப் பின்னால் இன்றைக்கு யார் நடந்து வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

பிளஸ் டூ முடித்ததும் பைக் கேட்கும் பிள்ளைக்கு ‘வேகமா போகாதே’ என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. பதிலாக ஒன்று செய்யலாம். லைசென்ஸ் எடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான மைதானத்தில் வண்டியைக் கொடுத்து, 40-லிருந்து எத்தனை அடியில் நிறுத்த முடிகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லலாம். முன் பிரேக்கும் பின் பிரேக்கும் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு, பின் பிரேக் மட்டும் என்றால் எவ்வளவு என்று அவனே குறித்து வைக்கட்டும். உண்மையிலேயே பந்தய ஆசை இருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி டிராக்கிலும் முறையாகக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. செலவு பிடிக்கும்தான். ஹெல்மெட் ஸ்டிராப் மாட்டுவதற்குச் செலவே இல்லை. இன்று சாயங்காலம் பிள்ளை வண்டி எடுக்கும்போது, அந்த கிளிப் சத்தம் கேட்டதா என்று மட்டும் கவனியுங்கள்.